குருதிக்கொடையும் வாய்மையும்

நுழையும்முன்

ஒருவர் உடலிலிருந்து எடுத்த குருதியை மற்றொருவர் உடலில் ஏற்றி உயிர் காக்கும் முறை, மருத்துவ அறிவியல் அடைந்த பெரும்பேறுகளுள் ஒன்று. அதே வழியில் நோய் நச்சுயிரிகளும் உடல்விட்டு உடல் சென்றன. அவற்றைத் தடுக்கச் சோதனைகள் வந்தன, சட்டங்களும் வந்தன. ஆயினும் குருதி கொடுக்க வருபவரிடம் கேட்கப்படும் சில வினாக்கள் இன்றும் நீங்கவில்லை. அவை ஏன் நீங்கவில்லை என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

* * *

கல்லூரி ஒன்றின் கலையரங்கில் குருதிக்கொடை முகாம் நடைபெறுகிறது. வாயிலருகே எடை பார்க்கும் கருவி. எடை 45 கிலோவுக்குக் குறைந்தோர் அங்கேயே திருப்பி அனுப்பப்படுகின்றனர். அடுத்த மேசையில் விரல்நுனியில் ஊசி குத்தி ஒரு துளி எடுத்து, ஹீமோகுளோபின் அளவு 12.5 கிராமேனும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதன்பின் ஒரு படிவம் தரப்படுகிறது. கடந்த ஓராண்டில் பச்சை குத்திக்கொண்டீர்களா? மஞ்சள் காமாலை வந்ததுண்டா? அண்மையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டீர்களா? போதை ஊசி, பாதுகாப்பற்ற பாலுறவு என வெளிப்படையாகப் பேசத் தயங்கும் செய்திகளைப் பற்றிய வினாக்களும் அதில் உண்டு.

வரிசையில் நிற்போருள் பலர் அவ்வினாக்களைப் படிப்பதில்லை. முன்னால் நின்றவர் எந்தக் கட்டத்தில் குறியிட்டாரோ அதே கட்டத்தில் தாமும் குறியிட்டுக் கையொப்பமிட்டு நகர்கின்றனர். “எடுக்கிற குருதியை எப்படியும் சோதிக்கத்தான் போகிறார்கள், பிறகு ஏன் இத்தனை கேள்வி?” என்று கேட்போரும் உண்டு.

அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. விடை காண, குருதியேற்றத்தின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

விலைக்கு வந்த குருதி

வியன்னா நகரில் ஆய்வு செய்த கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1901ஆம் ஆண்டில் மனிதக் குருதியில் வகைகள் உள்ளன என்பதை வெளியிட்டார். பொருந்தாத குருதியை ஏற்றியதால் நிகழ்ந்த இறப்புகளுக்குக் காரணம் அப்போது விளங்கியது. அவர் பிறந்த ஜூன் 14ஆம் நாளே இன்று உலகக் குருதிக்கொடையாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1937இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் பெர்னார்டு ஃபான்டஸ் என்னும் மருத்துவர், குருதியைச் சேமித்து வைக்கும் இடத்திற்கு ‘வங்கி’ எனப் பெயரிட்டார். போட்டு வைப்பதும் வேண்டும்போது எடுப்பதுமாகிய ஒழுங்கை அப்பெயர் சுட்டியது. ஆனால், பெயருக்கு ஏற்பவே பணமும் உள்ளே நுழைந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அறுவை மருத்துவம் விரைந்து வளர்ந்தது. குருதியின் தேவை பெருகியது. அமெரிக்க நகரங்களில் வறியோரும் வேலையற்றோரும் காசுக்குக் குருதி விற்றனர். 1960களில் அந்நாட்டுத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் ஹார்வி ஆல்ட்டரும் அவர்தம் உடனாய்வாளர்களும், திறந்த இதய அறுவை செய்துகொண்டு குருதி ஏற்றப்பெற்றோரைத் தொடர்ந்து கண்காணித்தனர். அவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி தோன்றியது. இதயத்தைச் சீர்செய்து கொண்டு வீடு திரும்பியவர், கல்லீரல் நோயைக் கூடவே எடுத்துச் சென்றார்.

அந்நோயின் நச்சுயிரிகளுள் ஒன்று பிடிபட்ட விதம் விந்தையானது. பரூக் பிளம்பர்க் என்னும் அறிஞர் கல்லீரல் நோயைத் தேடிச் செல்லவே இல்லை. வெவ்வேறு நிலப்பகுதி மக்களின் குருதிப் புரதங்கள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதே அவரது ஆய்வு. பலமுறை குருதி ஏற்றப்பெற்ற ஒருவரின் குருதியில் பல்வகை எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கும் என்று கருதி, குருதி உறையாமை நோயாளி ஒருவரின் ஊனீரை அவர் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். அது ஆஸ்திரேலியத் தொல்குடியினர் ஒருவரின் ஊனீருடன் வினைபுரிந்தது. வினைக்குக் காரணமான புரதத்திற்கு ‘ஆஸ்திரேலிய ஆன்டிஜென்’ எனப் பெயரிட்டு 1965இல் வெளியிட்டனர். அது ஹெபடைட்டிஸ் பி நச்சுயிரியின் மேலுறை என்பது பின்னரே தெளிவாயிற்று. 1976இல் பிளம்பர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி ஆல்ட்டரின் நோயாளிகளிடம் திரும்புவோம். 1970ஆம் ஆண்டளவில் அம்மருத்துவமனை இரண்டு மாற்றங்களைச் செய்தது. விலைக்குக் குருதி வாங்குவதை நிறுத்தித் தன்னார்வக் கொடையாளரிடம் மட்டுமே பெற்றது. ஹெபடைட்டிஸ் பி சோதனையையும் தொடங்கியது. மூவரில் ஒருவர் என்றிருந்த நோய், ஏறத்தாழப் பத்தில் ஒருவர் என்று குறைந்தது. பெயர் அறியாத மற்றொரு நச்சுயிரி அப்போதும் எஞ்சியிருந்தது. ‘ஏ-யும் அன்று, பி-யும் அன்று’ என்றே அதை நெடுங்காலம் குறித்து வந்தனர். அதன் மரபுக்கூற்றை மைக்கேல் ஹாட்டனும் குய்-லிம் சூ, ஜார்ஜ் குவோ ஆகிய உடனாய்வாளர்களும் 1989இல் கண்டறிந்து ஹெபடைட்டிஸ் சி எனப் பெயரிட்டனர். ஆல்ட்டர், ஹாட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவரும் 2020இல் நோபல் பரிசு பெற்றனர். 2013இல் தமக்கு அளிக்கப்பட்ட பிறிதொரு பெரும் பரிசை, சூவும் குவோவும் விடுபட்டனர் என்பதற்காக ஹாட்டன் ஏற்க மறுத்தார் என்பதும் நினைவுகூரத் தக்கது.

சோதனை ஒன்றே பயன் தந்ததா, கொடையாளரின் மாற்றமும் பயன் தந்ததா? பிரித்தானிய அறிஞர் ரிச்சர்டு டிட்மஸ் 1970இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்தார். குருதியை விற்பவருக்குத் தம் நோயை மறைக்க ஒரு காரணம் இருக்கிறது; சொன்னால் காசு கிடைக்காது. கொடுப்பவருக்கு அக்காரணம் இல்லை. ஆகவே, கொடையாகப் பெற்ற குருதி அறத்தால் மட்டுமன்றித் தூய்மையாலும் உயர்ந்தது என்பது அவர் வாதம்.

பள்ளி மாணவர்களின் கதை

குருதி உறையாமை நோய் உடைய சிறுவர்கள் சிறு காயத்துக்கும் அஞ்சி வாழ வேண்டியவர்கள். 1970களில் அவர்களுக்கு ஒரு நல்ல மருந்து வந்தது. குருதியை உறையச் செய்யும் காரணியைக் குருதி நீர்மத்திலிருந்து பிரித்துப் பொடியாக்கித் தந்தனர். வீட்டிலேயே ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால், ஒரு தொகுதி மருந்தைச் செய்வதற்குப் பல்லாயிரம் பேரின் குருதி நீர்மத்தை ஒன்றாகக் கலந்தனர். அதில் பெரும்பகுதி அமெரிக்காவில் விலைக்கு வாங்கப்பட்டது. ஒரு குடத்துப் பாலில் ஒரு துளி நஞ்சு போல, ஒருவரிடம் இருந்த நச்சுயிரி முழுத் தொகுதியையும் கெடுத்தது.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் இருந்த உறைவிடப் பள்ளி ஒன்றில், 1970க்கும் 1987க்கும் இடையில் இந்நோயுடைய 122 மாணவர்கள் பயின்றனர். அவர்களுள் ஏறத்தாழ 30 பேரே இன்று எஞ்சியுள்ளனர். எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சியும் மற்றவர்களைக் கொண்டுபோயின. அந்நாட்டில் கெட்ட குருதியாலும் குருதிப் பொருள்களாலும் 30,000க்கும் மேற்பட்டோர் தொற்றுக்கு ஆளாயினர் என்று, 2024 மே மாதத்தில் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. இடரை முன்னரே அறிந்திருந்தும் அதிகாரிகளும் மருத்துவர்களும் அதனை நோயாளிகளிடம் சொல்லாதிருந்தனர் என்பதை அவ்வறிக்கை கடுமையாகச் சாடியது. கொடுப்பவர் மறைத்தாலும் ஏற்றுபவர் மறைத்தாலும் பெறுபவர் படும் துன்பம் ஒன்றே.

சென்னையில் தொடங்கிய ஆய்வு

எய்ட்ஸ் 1981இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அதற்குக் காரணமான நச்சுயிரியைப் பாரிசின் பாஸ்டர் நிறுவன அறிஞர்கள் 1983இல் கண்டனர். கொடைக்குருதியைச் சோதிக்கும் எலைசா முறை 1985இல் அங்குப் பயன்பாட்டுக்கு வந்தது. அது மேலைநாட்டு நோய், நம் நாட்டை அண்டாது என்ற எண்ணம் அக்காலத்தில் இங்கு வலுவாக இருந்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் அவ்வாறு எண்ணவில்லை. தம் மாணவி நிர்மலாவிடம் அதையே ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். தயக்கத்துடன் ஏற்ற நிர்மலா, பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்களைச் சென்னையில் தேடிச்சென்று குருதி மாதிரிகளைத் திரட்டினார். பிரித்தெடுத்த ஊனீரைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாத்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாமையால் அவற்றை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். அங்கு நச்சுயிரியல் அறிஞர் ஜேக்கப் ஜான் ஆய்வுக்கூடத்தில் சோதனை நடந்தது. சோதனைத் தட்டின் குழிகளில் ஆறு மட்டும் நிறம் மாறின. மீண்டும் சோதித்தபோதும் அதே முடிவு. 1986இல் அச்செய்தி நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அவ்வாறே வெளிப்பட்டது.

அடுத்து எழுந்த கேள்வி, குருதி வங்கிகளின் குருதி எப்படிப்பட்டது என்பதே. அந்நாளில் நம் நகரங்களிலும் குருதி விற்பனைப் பொருளாகவே இருந்தது. மருத்துவமனை வாயில்களில் தரகர்கள் நின்றனர். உடல் தளர்ந்தவர்கள், ஒரு வேளை உணவுக்காகவும் போதைக்காகவும் அடுத்தடுத்துக் குருதி விற்றனர். 1989 முதல் எச்.ஐ.வி. சோதனை கட்டாயமாயிற்று. ஆயினும் உரிமம் பெறாத வங்கிகள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. ‘காமன் காஸ்’ என்னும் பொதுநல அமைப்பு தொடுத்த வழக்கில், 1996இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பே நிலைமையை மாற்றியது. உரிமம் இல்லாத வங்கிகளை மூடவும் தேசியக் குருதியேற்றக் குழுமத்தை அமைக்கவும் அது ஆணையிட்டது. 1998 ஜனவரி முதல் நாளிலிருந்து காசுக்குக் குருதி வாங்குவது நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. இன்று எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதித்த பின்னரே எந்தக் குருதியும் வெளியே வர வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

கொடையாகப் பெறும் 350 மில்லிலிட்டர் குருதி அப்படியே ஏற்றப்படுவது இன்று குறைவு. அதனைச் சிவப்பணுக்கள், தட்டணுக்கள், நீர்மம் எனப் பிரிக்கின்றனர். சிவப்பணுக்களைக் குளிரில் ஐந்து அல்லது ஆறு வாரங்கள் வைத்திருக்கலாம். தட்டணுக்கள் அறை வெப்பநிலையில் ஐந்து நாள்களே தாங்கும். உறைய வைத்த நீர்மம் ஓராண்டு வரை இருக்கும். ஒருவர் கொடுப்பது மூவருக்குப் பயன்படும் என்பர். அவரிடம் தொற்று இருப்பின் அதுவும் மூவரைச் சேரக்கூடும்.

சோதனை காணாத நாள்கள்

இப்போது முகாமில் எழுந்த கேள்விக்கு வருவோம். எலைசா போன்ற சோதனைகளுள் பல, நச்சுயிரியை நேரடியாகக் காண்பதில்லை. நச்சுயிரியை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையே அவை காண்கின்றன. திருடனைப் பார்க்காமல், அவனைத் துரத்தும் காவலரைப் பார்த்து அவன் வந்திருப்பதை அறிவது போன்றது இது. காவலர் புறப்படச் சில நாள்கள் ஆகின்றன. அதுவரை திருடன் ஊருக்குள் உலவுகிறான், எவருக்கும் தெரிவதில்லை.

தொற்று நுழைந்த நாளுக்கும் சோதனை அதனைக் காட்டும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தைச் ‘சாளரக் காலம்’ என்பர். எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் சோதனையில் அது ஏறத்தாழ மூன்று வாரம். ஹெபடைட்டிஸ் சி எதிர்ப்பொருளுக்கு இரண்டு மாதத்திற்கும் மேல் ஆகலாம். நச்சுயிரியின் மரபுப்பொருளையே பெருக்கிக் காணும் ‘நாட்’ எனப்படும் உட்கரு அமிலச் சோதனை, எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை இக்காலத்தைப் பத்து நாள் அளவுக்குச் சுருக்குகிறது. அச்சோதனைக்குச் செலவு மிகுதி. எல்லாக் குருதி மையங்களிலும் அது இல்லை. இருக்கும் இடத்திலும் அச்சாளரம் சுருங்குமே தவிர முற்றிலும் மூடுவதில்லை.

அந்நாள்களில் கொடையாளர் நலமாகவே இருப்பார். எடை சரியாக இருக்கும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும். சோதனைத் தட்டில் நிறம் மாறாது. ஐயத்துக்கு இடமான ஒன்றை அறிந்தவர் அவர் ஒருவர் மட்டுமே. படிவத்தின் வினாக்கள் அந்த ஒருவரை நோக்கிக் கேட்கப்படுகின்றன. கருவி எட்டாத இடத்தைச் சொல்லால் எட்டும் முயற்சியே அப்படிவம்.

ஆனால் உண்மையைச் சொல்வது எளிதன்று. அதிலும் உறவினருக்காகக் கொடுக்கும்போது அது மிகக் கடினம். அறுவை அரங்கின் வாயிலில் குடும்பமே திரண்டு நிற்கிறது. “உங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் கொடுக்க வேண்டும்” என்கிறார்கள். எல்லாரும் வீட்டின் இளைஞனைப் பார்க்கின்றனர். அவன் “நான் கொடுக்கக்கூடாது” என்றால், “ஏன்?” என்று கேட்க அத்தையும் மாமாவும் அருகிலேயே இருக்கின்றனர். அவன் வாய்மூடிக் கையை நீட்டுகிறான். காசு செய்த வேலையைக் கூச்சம் செய்துவிடுகிறது. டிட்மஸ் சொன்னதை நம் நாட்டுச் சூழலில் இவ்வாறு நீட்டிப் பார்க்க வேண்டும்: மறைக்கக் காரணம் இல்லாதவரே தன்னார்வக் கொடையாளர், வற்புறுத்தப்பட்ட உறவினர் அவ்வரிசையில் சேரமாட்டார்.

ஓர் இளைஞரின் செயல்

தமிழ்நாட்டின் தென்மாவட்டம் ஒன்றில் 2018ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்தது இது. இளைஞர் ஒருவர் தம் உறவினர் ஒருவரின் மகப்பேற்றுக்காகக் குருதி அளித்தார். அக்குருதி அவ்வுறவினருக்குத் தேவைப்படவில்லை. வேறொரு கருவுற்ற பெண்ணுக்கு ஏற்றப்பட்டது. சில நாள்களுக்குப்பின், வெளிநாட்டு வேலைக்கான உடற்சோதனையில் தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவ்விளைஞர் அறிந்தார். அவர் அதை மறைத்திருக்கலாம். மறைக்காமல், தாம் கொடுத்த குருதியைப் பயன்படுத்த வேண்டாம் என்று குருதி வங்கிக்குத் தாமே தெரிவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இங்குக் குற்றம் சாளரக் காலத்தினுடையது அன்று. அவர் இரண்டாண்டுகளுக்கு முன்பே ஒரு முகாமில் குருதி அளித்திருந்தார். அப்போதைய சோதனையிலேயே தொற்று தெரிந்திருந்தது. செய்தி மட்டும் அவரைச் சேரவில்லை. இரண்டாம் முறை எடுத்த குருதியையும் சோதனை தடுத்து நிறுத்தவில்லை. கருவி இருந்தும், ஐந்து சோதனைகளும் சட்டத்தில் இருந்தும், அவற்றைச் செய்ய வேண்டிய மனிதர்கள் இரண்டு இடங்களில் தவறினர். உண்மை பேசியவர், அதனால் ஊர்ப்பேச்சுக்கு ஆளாகும் நிலையில் இருந்த அவ்விளைஞர் மட்டுமே. அவரைப் பலர் குற்றவாளியைப் போல நோக்கினர். தமக்குத் தெரிவிக்கப்படாத ஒன்றை அவர் எவ்வாறு மறைத்திருக்க முடியும்?

தொற்றுடைய கொடையாளரும் ஒரு நோயாளியே. ஹெபடைட்டிஸ் பி பிறப்பின்போதே தாயிடமிருந்து வந்திருக்கக்கூடும். எவ்வித அறிகுறியும் இன்றிப் பல்லாண்டுகள் வாழ்ந்துவிட்டு, முதன்முறை குருதி கொடுத்தபோதே அதனை அறிந்தவர் பலர். அத்தகையோரைத் தனியே அழைத்து, உறுதிச்சோதனைக்கும் மருத்துவத்துக்கும் வழிகாட்டுவது குருதி மையத்தின் கடமை. எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை அவர் இசைவின்றி வெளியிடக்கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் விதித்துள்ளது. எச்.ஐ.வி.க்கு நாள்தோறும் உண்ணும் கூட்டு மருந்துகள் அரசு மையங்களில் விலையின்றிக் கிடைக்கின்றன. ஹெபடைட்டிஸ் சி-யைப் பெரும்பாலோரிடம் மூன்று மாத மாத்திரைகளாலேயே போக்க முடிகிறது. ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. 2011 முதல் நாடு முழுவதும் அது குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. இப்பாடத்தைப் படிப்போருள் பலர் கைக்குழந்தையாக இருந்தபோதே அதைப் பெற்றிருப்பர்.

பதினொன்றாம் வகுப்பு மாணவர் இன்று குருதி கொடுக்க இயலாது; 18 வயது நிரம்ப வேண்டும். இன்னும் ஓரிரு ஆண்டுகளில் அந்தக் கலையரங்க வரிசையில் அவர்களும் நிற்பர். படிவத்தைப் படிக்கும்போது ஏதேனும் ஒரு வினா உறுத்தினால், மருத்துவரிடம் தனியே பேசக் கேட்கலாம். “இன்று வேண்டாம்” என்று திரும்பிவிடலாம். காரணத்தை நண்பரிடம் சொல்ல வேண்டியதில்லை. கூச்சத்தால் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பின்னும் வழி உண்டு. முகாமில் தரும் சீட்டில் குருதி மையத்தின் தொலைபேசி எண்ணும் பையின் எண்ணும் இருந்தால் போதும். “இந்த எண்ணுள்ள குருதியைப் பயன்படுத்த வேண்டாம்” என்று அழைத்துச் சொல்லலாம். குளிர்பதன அறைக்கு ஒருவர் சென்று அப்பையைத் தனியே எடுத்து வைப்பார்.